கையெழுத்துப் போடும் முன்: வாசகர் கேள்வி – பதில்

சிகிச்சை முடிவுகளில் நோயாளியின் பங்கு பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எனக்கு வயது 58. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். நான்கு மாதமாக இதே நிலை. ட்ரெட்மில் சோதனை ‘பாசிட்டிவ்’. அடுத்த வாரம் ஆஞ்சியோ. “அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைத்துவிடுவோம்” என்கிறார்கள். மேஜையில் படுத்துக்கொண்டு நான் என்ன முடிவெடுக்க முடியும்?
– வாசகர், திருநெல்வேலி

மேஜையில் படுத்தபின் எதையும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. கையில் இருக்கும் ஒரு வாரத்தில் எடுத்துவிடுங்கள்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். சும்மா இருக்கும்போதே வலி, வியர்வை, இசிஜியில் மாற்றம், ரத்தத்தில் ட்ரோப்போனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் புரதம்) உயர்வு என்றால் அது மாரடைப்பு. அங்கே நிமிடக் கணக்கு. யோசிக்கிறோம் என்று நேரம் கடத்தக் கூடாது. உங்களுக்கு வருவதோ, உழைத்தால் வந்து ஓய்ந்தால் போகும் வலி, அதுவும் மாதக்கணக்கில் கூடாமல் இருப்பது. நிலையான ஆஞ்சைனா என்பார்கள். இதில் யோசிக்க அவகாசம் உண்டு. வலி அடிக்கடி வரத் தொடங்கினாலோ ஓய்விலும் வந்தாலோ அந்த அவகாசம் முடிந்தது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு உங்களைப் போன்றவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. 37 நாடுகளில் 5,179 பேர். ஒரு குழுவுக்கு மருந்துகளோடு ஆஞ்சியோவும், தேவைக்கேற்ப ஸ்டென்ட் அல்லது பைபாஸும். மறு குழுவுக்கு மருந்து மட்டும். அது போதாதபோதுதான் மற்றவை. மூன்றாண்டுக்குச் சற்று மேல் கவனித்ததில் முதல் குழுவில் 145 பேரும் இரண்டாவதில் 144 பேரும் இறந்திருந்தார்கள். வலி குறைவதில் முதல் குழு முந்தியது, அதுவும் அடிக்கடி வலி வந்தவர்களிடம். மருந்துக் குழுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நான்காண்டுக்குள் ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்பட்டது. ஆக, உங்கள் நிலையில் ஸ்டென்ட் தருவது பெரும்பாலும் வலி நிவாரணம். படி ஏறுவதும் வயலுக்குப் போவதும் உங்களுக்கு அன்றாடத் தேவை என்றால் அதுவே நல்ல காரணம்தான். “வைக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் போய்விடுவீர்கள்” என்று பயமுறுத்தினால் அது உங்கள் வகைக்குப் பொருந்தாத பேச்சு.

விதிவிலக்குகளும் உண்டு. இதயத்தின் இடது முதன்மைத் தமனியில் 50 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு, எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் அளவு (இஎஃப்) 35 சதவீதத்துக்குக் கீழ், மருந்துக்கு அடங்காத வலி: இப்படிப்பட்டவர்களை அந்த ஆய்வு சேர்க்கவே இல்லை. எனவே ஆஞ்சியோவுக்கு முன் கேட்க வேண்டியவை: என் இஎஃப் எவ்வளவு? ஆஸ்பிரின், ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைப்பது), பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிப்பது) எல்லாம் போதிய அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? இரண்டு மாத்திரையை அரைகுறையாகப் போட்டுவிட்டு “மருந்து கேட்கவில்லை” என்று சொல்வது நடக்கிறது.

அதன்பின் மருத்துவரோடு ஓர் ஏற்பாட்டுக்கு வாருங்கள். “ஆஞ்சியோ மட்டும், முடிவைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்” என்று ஒப்புதல் படிவத்தில் உங்கள் கையால் எழுதலாம். இதற்கு ஒரு விலை உண்டு: பிறகு ஸ்டென்ட் என்றால் இன்னொரு முறை ஊசித்துளை, இன்னொரு முறை சாயமருந்து, இன்னொரு பில். சிறுநீரகம் பலவீனமானவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அல்லது “ஒரே இடத்தில் தெளிவான நெருக்கமான அடைப்பு என்றால் வைத்துவிடுங்கள், இதயத்தின் மூன்று ரத்தக்குழாயிலும் என்றாலோ இடது முதன்மைத் தமனி என்றாலோ வெளியே கொண்டுவந்துவிடுங்கள், பைபாஸையும் சேர்த்துப் பேச வேண்டும்” என்று எழுதலாம். பலருக்கு இந்த இரண்டாவதே வசதி. அடைப்பு 50–70 சதவீதம் என்று நடுவாந்தரமாக இருந்தால் எஃப்எஃப்ஆர் என்ற அழுத்தக் கம்பிச் சோதனை உண்டா என்று கேளுங்கள். அந்த அளவு 0.80க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட் தேவைப்படாது.

ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள், உங்கள் வகையில் வழக்கமாக ஆறு மாதம் வரை. இடையில் பல் பிடுங்க, குடலிறக்கத்துக்கு அறுவை செய்ய என்று தானாக நிறுத்தியவர்களுக்கு ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வந்துவிடலாம். வேறு அறுவை ஏதும் திட்டத்தில் இருந்தால் அதை ஸ்டென்ட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வயது 43. நான்கு சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு கட்டி, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு. கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். “வயசாச்சே, சினைப்பை ரெண்டையும் சேர்த்தே எடுத்துடலாம்” என்கிறார் டாக்டர். கணவர் துபாயில் இருக்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் கிடையாதாம். உண்மையா?
– வாசகி, ஈரோடு

கையெழுத்துக்குப் பிறகு வருகிறோம். அதற்கு முன் சினைப்பை.

43 வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும். உடல் கொதிப்பு, தூக்கமின்மை ஒருபுறம். எலும்புத் தேய்மானமும் இதயநோய் வாய்ப்பும் கூடுவது மறுபுறம். ஃபைப்ராய்டுக்காகச் சினைப்பையை எடுக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் கதை வேறு. அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பின்னாளில் சினைப்பைப் புற்றுநோய் வருமோ என்ற பயத்துக்கு, சினைப்பையை விட்டுவிட்டுக் கருக்குழாய்களை மட்டும் எடுக்கும் வழி இருக்கிறது. இந்த வாய்ப்பைக் கேட்டால்தான் பல இடங்களில் சொல்கிறார்கள்.

கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமா என்பது கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்கேன் அறிக்கையில் அளவை மட்டும் பார்க்காதீர்கள். உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் கீறல் இல்லாமல் உள்நோக்கிக் கருவி (ஹிஸ்டெரோஸ்கோப்) வழியாகவே அகற்ற முடியும். தசைக்குள் இருந்தால் மருந்து, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில், கட்டியை மட்டும் எடுப்பது, ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருக்குவது என்று படிகள் உண்டு. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் வழக்கமாக ஒரு வேளைக்கு 1 கிராம், நாளைக்கு மூன்று வேளை, ரத்தப்போக்கு அதிகமுள்ள நான்கைந்து நாட்கள் மட்டும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் கூடாது. ஹார்மோன் காயில் ஐந்தாண்டு வரை வேலை செய்யும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் திட்டுத்திட்டாகக் கசியும் என்று முன்கூட்டியே சொல்லாததால், பலர் இரண்டாவது மாதமே எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். கட்டி உட்குழியை வளைத்திருந்தால் காயில் நழுவி விழுந்துவிடலாம். அவர்களுக்கு இது சரிப்படாது. கட்டியை மட்டும் எடுத்தால் புதிதாக முளைக்க வாய்ப்பு உண்டு. மாதவிடாய் நின்றபின் ஃபைப்ராய்டு பொதுவாகச் சுருங்கும் என்பதால், அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு வழி கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ‘இனி போதும், எடுத்துவிடுங்கள்’ என்பதும் நியாயமான முடிவே. எதுவானாலும் ஹீமோகுளோபினை ஏற்றிக்கொண்டு போங்கள். கர்ப்பப்பை உட்சுவர் திசுச் சோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

இப்போது கையெழுத்து. மருத்துவர்களுக்கான 2002 நன்னடத்தை விதிகளில், மலட்டுத்தன்மை ஏற்படக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி இருவர் ஒப்புதலும் வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. மருத்துவமனை அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறது. கணவரோடு வீடியோவில் பேச வைத்து, கையெழுத்திட்ட கடிதத்தை மின்னஞ்சலில் பெற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர் கையெழுத்து உங்களுடையதற்கு மாற்றாகாது. சமீரா கோலி வழக்கில், வெறும் பரிசோதனை லேப்ராஸ்கோபிக்கு (வயிற்றுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) வந்த 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குச் செல்லாது, உயிராபத்து இல்லாதபோது நினைவு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும், சுயநினைவுக்கு வரக்கூடிய வயதுவந்தவருக்காகத் தாய் ஒப்புதல் தர முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே படிவத்தில் “கர்ப்பப்பை மட்டும், சினைப்பைகளை எடுக்கச் சம்மதமில்லை” என்று தமிழிலேயே எழுதி, தேதி போட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக ஒன்று: சட்டப்படியான கருக்கலைப்புக்கு வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும். கணவர் கையெழுத்தைக் கேட்பது சட்டத்தில் இல்லாத வழக்கம்.

வேறு மருத்துவரிடம் காட்ட ஃபைல் கேட்டால், “அது ஆஸ்பத்திரி சொத்து” என்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

மூலக் கோப்பு அவர்களிடம் இருக்கலாம். நகல் உங்களுக்கு உரியது. நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்கின்றன அதே 2002 விதிகள். வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நகல் எடுக்கும் செலவைக் கேட்டால் கொடுத்துவிடலாம்.

‘ஃபைல்’ என்று மொத்தமாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டிவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: அறுவைக் குறிப்பு, மயக்கவியல் குறிப்பு, தினசரி மருந்து அட்டவணை, எல்லா ஆய்வக அறிக்கைகளும், ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டுமல்லாமல் சிடி. ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். இரண்டாவது மருத்துவருக்கு முழுத் தொகுப்பு வேண்டும். பயாப்ஸி என்றால் அறிக்கை போதாது. திசுவை வைத்துப் பார்த்த கண்ணாடிச் சில்லுகளையும், திசு பதித்த மெழுகுக் கட்டியையும் வாங்குங்கள். மெழுகுக் கட்டி திரும்பக் கிடைக்காவிட்டால் பிறகு அந்தத் திசுவில் எந்தச் சோதனையும் செய்ய முடியாது என்பதால், ரசீது இல்லாமல் எங்கும் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு 71 வயது. வயிற்றில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. “அல்சர்” என்று சொல்லி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் கீமோ. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம். சரிதானே?
– வாசகி, கும்பகோணம்

நல்லெண்ணம் புரிகிறது. நடைமுறையில் இது நெடுநாள் தாங்காது. கீமோவுக்கான படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். வார்டு வாசலில் பெயர்ப்பலகை இருக்கும், பக்கத்துப் படுக்கைக்காரர் பேசுவார். இரண்டாவது சுற்றில் வாந்தியும் சோர்வும் வரும்போது “அல்சருக்கு எதற்கு இவ்வளவு ஊசி” என்று அவர் மறுத்தால் நீங்கள் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இருக்காது.

அதற்காக நாளையே போட்டு உடைக்க வேண்டியதில்லை. முதலில் அவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: “உங்க உடம்பு விஷயத்தை டாக்டர் உங்ககிட்டயே சொல்லட்டுமாப்பா, இல்ல எங்ககிட்ட சொன்னா போதுமா?” “நீங்களே பார்த்துக்கோங்கம்மா” என்றால் அதுவும் அவருடைய முடிவு. அதை மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், சில வாரம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பினால் தனியறை, உட்கார்ந்து பேசும் மருத்துவர், கூட ஒரே ஒருவர். சொன்னபின் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருங்கள். அழுது நிற்கும் உறவுக்கூட்டம் வேண்டாம்.

உங்கள் பக்கம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் கீமோ குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா? கல்லீரலுக்குப் பரவிய வயிற்றுப் புற்றுநோயில் அநேகமாக இரண்டாவது. கிடைப்பது மாதக் கணக்கு. அந்த மாதங்களில் எத்தனை நாள் மருத்துவமனையில் கழியும், ஹெர்-2 சோதனை (கட்டியில் அந்தப் புரதம் அதிகம் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தாயிற்றா என்று கேளுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே இருப்பவருக்குக் கீமோ நன்மையைவிடத் தொல்லை அதிகம் தரக்கூடும். கீமோ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் இப்போதே பதிந்துவிடுங்கள். மார்ஃபின் என்றதும் கடைசி மருந்து என்று நினைத்துத் தள்ளிப்போடுவதால் பலர் தேவையில்லாமல் வலியோடு கிடக்கிறார்கள்.

கேள்வி கேட்டால் டாக்டருக்குக் கோபம் வருகிறது. அரசு மருத்துவமனையில் வாய் திறப்பதற்குள் அடுத்த சீட்டைக் கூப்பிடுகிறார்கள். எப்படிக் கேட்பது?
– வாசகர், விழுப்புரம்

இரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள். ஒரு தாளில் மேலே வயது, இருக்கும் நோய்கள், ஒவ்வாமை. நடுவில் மாத்திரைகளின் பெயர், மில்லிகிராம், வேளை. கீழே மூன்றே கேள்விகள். சித்த மருந்து, நாட்டு மருந்து, மெடிக்கலில் நீங்களே வாங்கிய வலிமாத்திரை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். முக்கியமான கேள்வியை முதலில் வைக்கவும். எழுந்து கதவருகே போனபின் கேட்பதற்குப் பதில் வராது.

என்ன கேட்பது என்று தெரியாவிட்டால்: வேறு வழி என்ன இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நல்லதும் கெட்டதும் எனக்கு எவ்வளவு, ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும். மூன்றாவதைக் கேட்கத்தான் தயங்குகிறோம். மிகவும் பயன்படுவது அதுதான். “ஏன் இதைச் செய்யணும்?” என்பதைவிட “எனக்குப் புரியறதுக்காகக் கேக்குறேன் டாக்டர்” என்று தொடங்கினால் பேச்சு முறியாது. முடிவில் நீங்கள் புரிந்துகொண்டதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். உள்நோயாளி என்றால் காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரிடம் ஒரு கேள்வி மட்டும். மீதியை மதியம் வார்டில் இருக்கும் முதுநிலை மாணவரிடமோ பணி மருத்துவரிடமோ கேட்கலாம். அவர்களுக்குத்தான் உங்கள் கேஸ் ஷீட் அத்துப்படி.

இந்த மாத்திரை போட்டால் மாரடைப்பு அபாயம் 25 சதவீதம் குறையுமாம். நூறில் இருபத்தைந்து பேர் பிழைப்பார்கள் என்று அர்த்தமா?
– வாசகி, காரைக்குடி

இல்லை. எதில் 25 சதவீதம் என்று கேட்க வேண்டும். பத்தாண்டில் நூறு பேரில் 8 பேருக்கு வரும் என்றிருந்தது 6 பேர் ஆனாலும் 25 சதவீதம் குறைவுதான். 40 பேர் 30 ஆனாலும் அதேதான். முன்னதில் நூறில் இருவருக்குப் பயன், பின்னதில் பத்துப் பேருக்கு. “என்னைப் போன்ற நூறு பேர் இதைப் போட்டால் எத்தனை பேருக்குப் பயன், போடாவிட்டால் எத்தனை பேருக்கு வரும்?” என்று கேளுங்கள். பக்கவிளைவையும் அதே நூறு பேர் கணக்கில் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

‘வென்டிலேட்டரில் வைத்து இழுக்க வேண்டாம்’ என்று இப்போதே எழுதி வைக்க முடியுமா? வயது 69, நலமாக இருக்கிறேன்.
– வாசகர், தஞ்சாவூர்

முடியும். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது; நடைமுறை கடினமாக இருந்ததால் 2023இல் எளிதாக்கியது. முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும். இப்போது சார்பில்லாத இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். எந்த நிலையில் எதை வேண்டாம் என்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். ‘எந்தச் சிகிச்சையும் வேண்டாம்’ என்று பொதுவாக எழுதினால், நிமோனியாவுக்குப் பத்து நாள் வென்டிலேட்டரில் இருந்து எழுந்து நடக்கக்கூடிய நேரத்திலும் குழப்பம் வரும். உங்களால் பேச முடியாதபோது முடிவைச் சொல்லக்கூடியவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஒருவருக்கு மேலும் குறிப்பிடலாம்.

இது நடைமுறைக்கு வருவது, மீள வழியில்லாத நிலையில் நீங்கள் முடிவெடுக்கும் திறன் இழந்தபோது. மருத்துவமனையின் முதல் குழு (சிகிச்சை தரும் மருத்துவரும், ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும்), பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது குழு, இரண்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது வழிகாட்டல். சுயநினைவோடு இருக்கும்வரை இந்தத் தாள் தேவையே இல்லை. வேண்டாம் என்று நீங்களே சொல்லலாம்.

ஒரு பிரதி குடும்ப மருத்துவரிடம், ஒன்று உள்ளாட்சி அலுவலகத்தில், ஒன்று நீங்கள் பெயர் குறிப்பிட்டவரிடம் இருக்கட்டும். பிள்ளைகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஐசியூ வாசலில் முதன்முறையாகத் தாளைப் பார்க்கும் மகன் அநேகமாக எதிர்க்கத்தான் செய்வார். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்துசெய்துகொள்ளலாம். பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.